நிறை பார்க்க வராத பிள்ளை

இலங்கையின் குடித்தொகை, சுகாதார ஆய்வு 1987, 1993, 2000, 2006/07 என நான்கு முறை நடந்தபோதும் வடக்கு அதற்குள் வரவில்லை. யுத்தம்தான் காரணம். 2016இல்தான் அந்த ஆய்வு நாட்டின் 25 மாவட்டங்களையும் முதன்முதலாக ஒன்றாக எண்ணியது. 1987இல் யாழ்ப்பாணத்தில் பிறந்த பிள்ளைக்கு அப்போது 29 வயது. தானே தாயாகி, தன் பிள்ளையை நிறை பார்க்கக் கொண்டுபோகும் வயது. குடிசன மதிப்பீட்டின் கதையும் இதுதான். 1981இல் எண்ணப்பட்ட குடாநாடு மறுபடி முழுமையாக எண்ணப்பட்டது 2012இல்.

இன்று அந்தக் குறை நீங்கிவிட்டது. தேசிய ஆய்வுகளில் யாழ்ப்பாணத்துக்கும் ஒரு வரி உண்டு. ஆனால் கிடைப்பது அந்த ஒரு வரி மட்டுமே. 2016ஆம் ஆண்டின் வீட்டு வருமான, செலவின ஆய்வின்படி நாட்டின் வறுமை 4.1 சதவீதம், யாழ்ப்பாண மாவட்டத்தில் 7.7, கிளிநொச்சியில் 18.2. மாவட்டங்களை ஒப்பிட இந்த எண்கள் போதும். நல்லூருக்கும் மருதங்கேணிக்கும், கோப்பாய்த் தோட்டக்காணிக்கும் ஊர்காவற்றுறைக் கரைக்கும் இடையில் உள்ள தூரத்தை 7.7 என்ற எண் சொல்லாது. 15 பிரதேச செயலகப் பிரிவுகளும் 435 கிராம அலுவலர் பிரிவுகளும் கொண்ட மாவட்டம் இது. நிலமும் கிணறும் உள்ள வீட்டுப் பிள்ளையும், அடுத்த வளவுக் கிணற்றில் தண்ணீருக்காகக் காத்திருக்கும் வீட்டுப் பிள்ளையும் அதே ஒரு வரிக்குள் அடங்கிவிடுகிறார்கள்.

அந்தத் தூரத்தைக் காட்டும் தரவு நம் மாவட்டத்தில் இல்லாமலில்லை. மாதந்தோறும் அது நம் கண்முன்னே எழுதப்படுகிறது.

சனசமூக நிலையத்தின் வளையில் தராசு தொங்குகிறது. துணிக் காற்சட்டைக்குள் இருத்திய பிள்ளை காலை உதைத்து வீறிடுகிறது. முள் அங்கும் இங்கும் ஆடி ஓயும்வரை குடும்பநல உத்தியோகத்தர் ஒரு கையால் தராசைப் பிடித்தபடி காத்திருக்கிறார். பிறகு பிள்ளையின் சுகாதாரப் பதிவேட்டில் ஒரு புள்ளி வைத்து, போன மாதப் புள்ளியோடு கோட்டால் இணைக்கிறார். கோடு கிடையாகப் போனால் தாயின் முகத்தைப் பார்த்து இரண்டு கேள்வி கேட்கிறார்: பால் எப்படி, வீட்டில் சமைப்பது யார்? இவ்வளவு நுணுக்கமான தகவல் எந்தத் தேசிய ஆய்வாளரின் வினாக்கொத்திலும் கிடையாது. பிள்ளை எந்த ஒழுங்கையில் இருக்கிறது, தகப்பன் கடலுக்குப் போகிறாரா, தாய் கூலிக்குப் போனால் பிள்ளையை யார் பார்க்கிறார்கள் என்பதெல்லாம் அந்த உத்தியோகத்தருக்கு மனப்பாடம்.

பிறகு அந்தப் புள்ளி மேலே போகிறது. மாத அறிக்கையாகிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கும், எச் 509 என்ற காலாண்டு அறிக்கையாகிப் பிராந்தியப் பணிமனைக்கும், அங்கிருந்து கொழும்பில் உள்ள குடும்ப சுகாதாரப் பணியகத்துக்கும் போகிறது. ஒவ்வொரு படியிலும் ஓர் ஊர்ப்பெயர் உதிர்கிறது. கடைசிப் படியில் மிஞ்சுவது பெரும்பாலும் மாவட்டத்தின் பெயரும் ஒரு சதவீதமும்தான். கீழே இறங்கி வருவது அநேகமாகச் சுற்றறிக்கை. எழுதிக் கொடுத்தவரின் கைக்குத் தரவு திரும்பி வருவது அரிது.

சராசரி எதை விழுங்குகிறது என்பதை ஒரு கணக்கால் பார்க்கலாம். ஒரு குடும்பநல உத்தியோகத்தரின் பிரிவில் ஐந்து வயதுக்கு உட்பட்ட 200 பிள்ளைகள் என்று வைத்துக்கொள்வோம். 30 பேர் நிறை குறைந்தவர்கள், அதாவது 15 சதவீதம். அறிக்கைக்கு இது போதும். அந்த 200 பேரில் 150 பேர் உள்ளூரிலும் 50 பேர் கரையோரக் குடியிருப்பிலும் இருந்து, இரு பக்கமும் 15, 15 பேர் நிறை குறைந்திருந்தால், உள்ளூரில் 10 சதவீதம், கரையில் 30. ஒரே பிரிவு, ஒரே உத்தியோகத்தர், ஒரே திரிபோஷாப் பை. 15 என்ற எண் இரண்டு இடத்துக்கும் பொருந்தாது.

இதிலும் பெரிய சிக்கல், நிறை பார்க்க வந்தவர்களை மட்டுமே கணக்கு அறியும் என்பது. 2016 ஆய்வில் வீடுவீடாகப் போய் அளந்தபோது, நாட்டில் ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளில் 20.5 சதவீதம் பேர் நிறை குறைந்திருந்தனர். குடும்ப சுகாதாரப் பணியகத்தின் போசாக்கு மாதக் கணக்கில் 2021இல் அது 12.2, பொருளாதார நெருக்கடி ஆண்டான 2022இல் 15.3. இவை வெவ்வேறு ஆண்டுகள், வெவ்வேறு முறைகள் என்பதால் நேரடியாக ஒப்பிடக்கூடாது. ஆனாலும் ஒரு கேள்வி எழாமல் போகாது: தராசடிக்கு வராத பிள்ளை எங்கே? விடியற்காலையில் கருவாடு காயவைக்கப் போன தாயின் பிள்ளை, அம்மம்மாவிடம் விடப்பட்ட பிள்ளை, வாடகை வீடு மாறிய குடும்பத்துப் பிள்ளை என்று விடுபடுகிறவர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே பக்கத்தைச் சேர்ந்தவர்கள். வேல்ஸ் நாட்டின் சுரங்க ஊர் ஒன்றில் வைத்தியராக இருந்த ஜூலியன் ரியூடர் ஹார்ட் 1971இல் எழுதியது இது: மருத்துவம் மிக வேண்டிய இடத்துக்கே அது மிகக் குறைவாகப் போய்ச் சேர்கிறது. தரவுக்கும் அந்த விதி பொருந்துகிறது.

குடாநாட்டில் இந்த விடுபடலுக்கு வரலாறும் உண்டு. 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து எழுப்பப்பட்ட குடும்பங்களில் பல, கால் நூற்றாண்டுக்கு மேலாகக் கோணாப்புலம், சபாபதிப்பிள்ளை போன்ற முகாம்களிலும் உறவினர் வளவுகளிலும் வாழ்ந்தன. பதிவு ஓரிடம், வாழ்வு வேறிடம். மயிலிட்டித் துறைமுகப் பகுதி 2017இல் விடுவிக்கப்பட்டபோது சிலர் திரும்பினர், சிலர் இருந்த இடத்திலேயே தங்கினர். இப்படிப்பட்ட பிரிவுகளில் சதவீதத்தின் மேல் எண் சரியாக இருந்தாலும் கீழ் எண் பிழைத்துவிடும். அதோடு நிர்வாக எல்லைகள் ஒன்றோடொன்று பொருந்துவதில்லை. கல்விக்கு ஐந்து வலயங்கள், சுகாதாரத்துக்கு வேறு பிரிவுகள், நிர்வாகத்துக்குப் பிரதேச செயலகங்கள். ஒரே பிள்ளையின் நிறை ஒரு கோப்பிலும், முன்பள்ளி வரவு இன்னொன்றிலும், வீட்டுக் கிணறும் மலசலகூடமும் மூன்றாவதிலும் கிடக்கின்றன.

சாதியைப் பற்றியும் மறைக்காமல் பேச வேண்டும். எந்தப் பதிவேட்டிலும் அதற்கு நிரல் இல்லை, இருக்கவும் வேண்டாம். ஆனால் சொந்தக் காணி உண்டா, சொந்தக் கிணறு உண்டா என்ற இரண்டு கேள்விகள் அது விட்டுச்சென்ற தழும்பை அளந்துவிடும். நிறை அறிக்கையை இந்த இரண்டோடும் சேர்த்துப் பார்த்தால் தெரியவருவது சிலருக்குச் சங்கடமாக இருக்கும். அந்தச் சங்கடத்துக்காகக் கேட்காமல் விடுவது பிள்ளைக்குச் செய்யும் அநீதி என்றே இவ்விதழ் கருதுகிறது.

சிறிய இடத்துக் கணக்குக்குத் தனிக் கவனம் தேவை. கிராம அலுவலர் பிரிவுகளின் ஜே இலக்கங்கள் தொடங்கும் நெடுந்தீவையே எடுப்போம். குறிகட்டுவானிலிருந்து படகில் போகவேண்டிய அத்தீவில் 2012இல் 4,000 பேருக்கும் குறைவு. ஆண்டுக்கு 50 பிறப்பு என்று கொண்டால், ஒரு சிசு இறந்தால் வீதம் ஆயிரத்துக்கு 20, மறு ஆண்டு இறப்பு இல்லையென்றால் பூச்சியம். இதைப் பேரழிவென்றோ சாதனையென்றோ எழுதுவது பிழை. மூன்று முதல் ஐந்து ஆண்டுகளைச் சேர்த்தே வீதம் போடவேண்டும். சதவீதத்தோடு எண்ணிக்கையையும் கட்டாயம் எழுதவேண்டும். ஐந்துக்குக் குறைந்த எண்களைப் பணிமனைக்கு வெளியே விடக்கூடாது. ஓர் ஒழுங்கையில் இரண்டு பிள்ளை என்றால் ஊருக்கே ஆள் தெரிந்துவிடும்.

தராசடியிலேயே முடிவெடுப்பது புதிய யோசனை அல்ல. 1980இல் தமிழ்நாட்டில் மதுரை உள்ளிட்ட ஆறு மாவட்டங்களில் தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில், ஊர்ப் பெண்களே மாதந்தோறும் பிள்ளைகளை நிறுத்து, நிறை ஏறாத பிள்ளையைத் தெரிந்தெடுத்து உணவு கொடுத்தனர். தராசின் முள் அன்றைக்கே ஒரு முடிவாக மாறியது. நம்மிடமும் ஆளும் அறிவும் உண்டு. 1978இல் தொடங்கிய யாழ்ப்பாண மருத்துவ பீடத்தில் சமுதாய மருத்துவப் பேராசிரியராக இருந்தவர், ஈழத்து வாசகர்கள் ‘நந்தி’ என்று அறிந்த எழுத்தாளர் சிவஞானசுந்தரம். எண்ணுக்குப் பின்னால் வீடு இருக்கிறது என்பதைத் தெரிந்த மரபு அது.

இதை வாசிக்கும் சுகாதார வைத்திய அதிகாரிகளிடமும் குடும்பநல உத்தியோகத்தர்களிடமும் இவ்விதழ் கேட்பது ஒரு தாள் வேலை. அடுத்த காலாண்டு அறிக்கையை மேலே அனுப்பும் முன், கிராம அலுவலர் பிரிவு வாரியாக மூன்று எண்களை எழுதுங்கள்: இருக்கும் பிள்ளைகள், நிறை பார்த்த பிள்ளைகள், நிறை குறைந்த பிள்ளைகள். மாதக் கூட்டத்தில் கிராம அலுவலரையும் முன்பள்ளி ஆசிரியரையும் பக்கத்தில் இருத்தி, முதல் எண்ணுக்கும் இரண்டாவது எண்ணுக்கும் இடையில் விடுபட்டவர்களின் வீடுகளைத் தேடுங்கள். தராசைத் தூக்கிக்கொண்டு முதலில் போகவேண்டிய வீடுகள் அவைதான்.