நாட்டுக்குக் கிடைத்த அவகாசம் வீட்டுக்குக் கிடைத்ததா?



2022 மே 18 அன்று சென்னைத் துறைமுகத்திலிருந்து இலங்கைக்கு ஒரு கப்பல் புறப்பட்டது. 9,000 டன் அரிசி, 200 டன் பால் பவுடர், 24 டன் மருந்து ஆகியவற்றைச் சுமந்திருந்த அக்கப்பலை முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் கொடியசைத்து அனுப்பி வைத்தார். 40,000 டன் அரிசி, 500 டன் பால் பவுடர், உயிர் காக்கும் மருந்துகள் எனத் தமிழ்நாடு அறிவித்த 123 கோடி ரூபாய் உதவியின் முதல் தவணை அது. சாத்தாங்காட்டில் வாழும் நமக்கு அத்துறைமுகம் அண்டை வீடு போன்றது. பசித்தோருக்கு உணவு அனுப்பிய மண்ணில் நாம் இருக்கிறோம் என்பதற்காக அன்று அல்லாஹ்வைப் புகழ்ந்தோம்.

கப்பல் கொழும்பைச் சேர்ந்தது. சில மாதங்களில் செய்திகளும் ஓய்ந்தன. அங்குள்ள குடும்பங்களின் நெடிய சோதனையோ ஓயவில்லை. ஒரு நாட்டின் பொருளாதாரம் சரிந்த பின்னர் வரும் ஆண்டுகளில் சாதாரணக் குடும்பத்தைத் தாங்குவது எது, முறிப்பது எது என்பதைச் சிந்திக்க வேண்டிய கடமை நமக்கு உண்டு. அச்சோதனை கடலுக்கு அப்பால் மட்டுமே வரும் என்று எழுதித் தரப்படவில்லை.

விலையேற்றம் நின்றது, விலை இறங்கவில்லை

வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்தி வைப்பதாக 2022 ஏப்ரல் 12 அன்று இலங்கை அறிவித்தது. 2019 இறுதியில் வரிகள் பெருமளவு குறைக்கப்பட்டதால் அரசின் வருவாய் சுருங்கியிருந்தது. பெருந்தொற்றால் சுற்றுலா வருவாய் நின்றது. 2021இல் இரசாயன உரத்துக்கு விதிக்கப்பட்ட திடீர்த் தடை விளைச்சலைச் சாய்த்தது. இறக்குமதிக்குத் தேவையான டாலர் கையிருப்பு கரைந்தது.

2021 டிசம்பர் இறுதியில் 177 ரூபாயாக இருந்த ஒரு லிட்டர் பெட்ரோல், 2022 ஜூன் இறுதியில் 470 ரூபாய் ஆனது. ஒரு நாளில் 13 மணி நேரம் வரை மின்சாரம் தடைப்பட்டது. அந்த ஆண்டின் ரமளான் ஏப்ரல் மாதத்தில் வந்தது. கொழும்பு காலிமுகத்திடல் போராட்டக் களத்தில் முஸ்லிம்கள் நோன்பு திறந்தபோது பிற சமயத்தாரும் அவர்களுடன் அமர்ந்திருந்தனர். செப்டம்பரில் பணவீக்கம் 70 சதவீதத்தை ஒட்டியது; உணவுப் பொருள்களின் பணவீக்கம் 95 சதவீதத்தை நெருங்கியது.

2023இன் நடுப்பகுதியில் பணவீக்கம் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கியது. நெருக்கடி தீர்ந்துவிட்டது என்று பலர் எண்ணிய இடம் இதுவே. நூறு ரூபாய்க்கு விற்ற பொருள் நூற்று எழுபது ஆனது என்று கொள்வோம். பணவீக்கம் ஆறு சதவீதமாக இறங்கினால் அப்பொருள் மீண்டும் நூறு ரூபாய்க்கு வருவதில்லை. நூற்று எண்பது ஆகிறது. ஏறும் வேகம்தான் குறைகிறது. கூலி அந்த அளவுக்கு ஏறாத வீட்டில் அடுப்பின் நிலை முன்பு போலவே இருக்கும். 2019இல் ஏறத்தாழ 11 சதவீதமாக இருந்த வறுமை, பணவீக்கம் தணிந்த அதே 2023இல் 25.9 சதவீதமாக இருந்தது என்று உலக வங்கி கணித்தது. நால்வரில் ஒருவர் வறுமையில்!

இத்தகைய காலத்தில் ஒரு குடும்பம் செய்வதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் மீனும் பாலும் குறையும். பிறகு நகை அடகுக் கடைக்குச் செல்லும். அதன் பிறகு மளிகைக் கடையில் பாக்கி ஏறும். பின்னர் வட்டிக்குக் கடன் வாங்குவார்கள். இறுதியில் வீட்டில் ஒருவர் கடவுச்சீட்டை எடுப்பார். 2022ஆம் ஆண்டில் மட்டும் 3 இலட்சத்துக்கும் மேற்பட்ட இலங்கையர் வேலை தேடி வெளிநாடு சென்றனர். அதற்கும் வழியற்ற சிலர் அவ்வாண்டு மார்ச் முதல் படகேறித் தனுஷ்கோடிக் கரையில் இறங்கினர்.

இரு கடன்கள், இரு நீதிகள்

இங்கே நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. கடனைச் செலுத்த இயலாத நாட்டுக்கு அவகாசம் கிடைத்தது. 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம் ஏறத்தாழ 300 கோடி டாலர் கடனுதவிக்கு ஒப்புதல் அளித்தது. 2024 ஜூன் 26 அன்று கடன் கொடுத்த நாடுகளுடன் உடன்பாடு ஏற்பட்டு, தவணைகளை 2028 வரை தள்ளி வைக்க வழி பிறந்தது. ஆண்டின் இறுதியில் தனியார் பத்திரக்காரர்களும் கடனை மாற்றியமைத்துக் கொண்டனர். கழுத்தை நெரித்தால் கொடுத்த பணமும் வராது என்பதை உலகின் பெரும் கடன்காரர்கள் உணர்ந்தே இருந்தனர்.

வீடுகளின் கதை வேறு. அடகு வைத்த சொத்தை நீதிமன்றம் செல்லாமலே ஏலம் விட வங்கிகளுக்கு இருந்த 'பராட்டே' அதிகாரம் 2024இல் தற்காலிகமாக நிறுத்தப்பட்டது. அது சிறு, நடுத்தரத் தொழில் செய்வோருக்குச் சற்று மூச்சு விட இடம் தந்தது. ஆனால் அடகுக் கடையில் தாலியையோ வளையலையோ வைத்த பெண்ணுக்கு, வாரத் தவணைக்குக் கடன் வாங்கிய தாய்க்கு, 2028 வரை காத்திருக்கிறோம் என்று சொல்ல எவர் முன்வந்தார்?

கடன்பட்டவர் இக்கட்டில் இருந்தால் அவருக்கு வசதி வரும் வரை அவகாசம் தர வேண்டும் என்று திருக்குர்ஆன் (2:280) கட்டளையிடுகிறது. அதைத் தர்மமாக விட்டுக் கொடுப்பது இன்னும் மேலானது என்றும் அவ்வசனம் உணர்த்துகிறது. வட்டியைக் கண்டிக்கும் வசனங்களை அடுத்தே இது இடம் பெற்றிருப்பதைச் சிந்தியுங்கள். வட்டி வாங்காதே என்பதோடு மார்க்கம் நின்றுவிடவில்லை. நெருக்கடியில் இருப்பவரை நெருக்காதே என்றும் கூறுகிறது. முதல் கட்டளையைப் பேணுவதில் பெருமை கொள்ளும் நம்மில் எத்தனை பேர் இரண்டாவதைப் பேணுகிறோம்?

சாத்தாங்காட்டுக்கு இது புதிதன்று

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது நம் பகுதி என்ன ஆனது என்பதை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். இரும்பு எஃகுச் சந்தையில் லாரிகள் நின்றால் ஓட்டுநர், சுமை ஏற்றி இறக்குவோர், தகடு வெட்டுவோர், தேநீர்க் கடைக்காரர் என ஒரு சங்கிலியே அறுந்து போகும். அன்றாடக் கூலியில் வாழ்வோருக்குச் சேமிப்பு என்பது இரண்டு வாரத்துக்குக் கூடப் போதாது.

அவ்வாண்டு மார்ச் முதல் ஆகஸ்டு வரை கடன் தவணைகளைத் தள்ளி வைக்க வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி அனுமதி அளித்தது. அந்தக் காலத்துக்கும் வட்டி ஏறிக்கொண்டே இருந்தது. வட்டிக்கு மேல் வட்டி கூடாது என்ற தீர்வுக்கு உச்ச நீதிமன்றம் வரை செல்ல வேண்டியிருந்தது. அந்த அரைகுறை அவகாசமும் வங்கிக் கடன் பெற்றோருக்கே. வடசென்னையின் தெருக்களில் தண்டலுக்கு வாங்கியவருக்கு எந்த வங்கியின் சுற்றறிக்கையும் உதவாது.

வட்டி ஹராம் என்று மிம்பரில் முழங்குவது கடமை. தண்டல்காரரின் வாசலுக்குச் செல்லாதிருக்க மஹல்லாவில் வேறொரு வாசலைத் திறந்து வைப்பது அக்கடமையின் மறுபாதி. அந்த வாசலைத் திறக்காமல், வட்டிக்கு வாங்கிய ஏழையை மட்டும் கண்டிப்பது நீதியாகாது.

பொறுமை யாருக்கு?

நெருக்கடிக் காலங்களில் நம் உரைகளில் அதிகம் ஒலிக்கும் சொல் 'ஸப்ர்'. பொறுமை ஈமானின் அழகிய பண்பு என்பதில் ஐயமில்லை. ஆயினும் அது பெரும்பாலும் இழந்தவரை நோக்கியே சொல்லப்படுகிறது. வாடகை வர வேண்டிய வீட்டுக்காரருக்கும், பாக்கி வர வேண்டிய கடைக்காரருக்கும், கைமாற்றுக் கொடுத்த உறவினருக்கும் அதே பொறுமை கடமையில்லையா?

ஹிஜ்ரி 18ஆம் ஆண்டில் மதீனாவைப் பெரும் பஞ்சம் வாட்டியது. மக்களுக்குக் கிடைக்காத நெய்யையும் இறைச்சியையும் கலீஃபா உமர் (ரலி) தாமும் உண்ண மறுத்தார்கள் என்றும், அவ்வாண்டு ஜகாத் வசூலைத் தள்ளி வைத்தார்கள் என்றும் வரலாற்று நூல்கள் கூறுகின்றன. வாங்க வேண்டிய இடத்தில் இருந்தவர் பொறுத்தார். அஷ்அரீ குலத்தார் உணவு குறையும் போது அனைவரிடமும் உள்ளதை ஒரே துணியில் சேர்த்துச் சமமாகப் பகிர்ந்து கொள்வதை நபி (ஸல்) அவர்கள் பாராட்டிய செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது.

பள்ளிவாசலில் தீர்ந்த வழக்கு

அவகாசம் கொடுத்தால் வாங்கியவர் ஏமாற்றுவார் என்ற அச்சம் கடன் கொடுத்தோருக்கு உண்டு. அது ஆதாரமற்ற அச்சமன்று. கடனைத் திருப்பித் தர வசதி இருந்தும் இழுத்தடிப்பது அநீதி என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள். குர்ஆன் கோரும் அவகாசம் இயலாதவருக்கு உரியது. தர மனமில்லாதவருக்கு உரியதன்று. இருவரையும் எவ்வாறு பிரித்தறிவது?

புகாரியில் வரும் ஒரு நிகழ்ச்சி வழி காட்டுகிறது. கஅபு இப்னு மாலிக் (ரலி) அவர்கள் தமக்கு வர வேண்டிய கடனை இப்னு அபீ ஹத்ரத் (ரலி) அவர்களிடம் பள்ளிவாசலிலேயே கேட்க, இருவரின் குரலும் உயர்ந்தது. வீட்டிலிருந்து அதைச் செவியுற்ற நபி (ஸல்) அவர்கள் திரையை விலக்கி வெளியே வந்து, பாதியைத் தள்ளுபடி செய்யுமாறு கஅபுக்குச் சைகை செய்தார்கள். அவர் உடனே இசைந்தார். அடுத்த கணமே கடன்பட்டவரிடம், எழுந்து மீதியைச் செலுத்துமாறு கூறினார்கள். கொடுத்தவர் பாதியை விட்டார். வாங்கியவர் மீதியை நிறைவேற்றும் பொறுப்பை ஏற்றார். இருவரையும் அறிந்த ஒருவர் நடுவில் நின்றதால் அது கைகூடியது. அந்த நடுவர் இடம் இன்று நம் ஜமாஅத்துகளில் பெரும்பாலும் வெறுமையாக இருக்கிறது. திருமணப் பதிவுக்கும் அடக்கத்துக்கும் ஜமாஅத்தை நாடுகிறோம். கடன் சிக்கலுக்கு மட்டும் எவரையும் நாடாமல் தனியே உழல்கிறோம்.

நாம் செய்யக் கூடியவை

முதலாவது, பைத்துல்மாலில் வட்டியில்லாக் கடனுக்கென ஒரு பங்கை இப்போதே ஒதுக்குவோம். நெருக்கடி வந்த பின்னர் தொடங்கும் நிதி காலம் கடந்ததாகிவிடும். கொடுக்கல் வாங்கலை எழுதிக் கொள்ளுமாறு குர்ஆன் (2:282) பணிப்பதால், சிறு தொகையானாலும் சாட்சியுடன் எழுதப்பட வேண்டும். பெற்றவர் பெயர் வெளியே வரலாகாது.

இரண்டாவது, ஜகாத் பெறத் தகுதியுடைய எட்டுப் பிரிவினரில் (9:60) கடன்பட்டோரும் அடங்குவர். ரமளானில் ஜகாத்தை அரிசிப் பைகளாகவே பிரித்து முடித்துவிடாமல், ஒரு குடும்பத்தின் கடனை முழுமையாக அடைத்துக் கொடுக்கவும் திட்டமிடலாம். வர வேண்டிய கடனைத் தள்ளுபடி செய்துவிட்டு அதையே ஜகாத்தாகக் கணக்கிடுவதைப் பெரும்பாலான அறிஞர்கள் ஏற்பதில்லை. ஆகவே ஆலிம்களிடம் கேட்டுத் தெளிந்து செயல்படுக.

மூன்றாவது, மார்க்கம் அறிந்த ஆலிம் ஒருவர், கணக்கு அறிந்த வணிகர் ஒருவர், பெண்களின் நிலை அறிந்த சகோதரி ஒருவர் என மூவரைக் கொண்ட கடன் இணக்கக் குழுவை ஒவ்வொரு ஜமாஅத்தும் அமைக்கலாம். வாடகைப் பாக்கியும் கைமாற்றும் அக்குழுவின் முன் வரட்டும். இயலாதவர் யார், மனமில்லாதவர் யார் என்பது அங்கே தெளிவாகும். முஸ்லிம் அல்லாத அண்டை வீட்டார் நம்மிடம் கடன்பட்டிருந்தாலும் அவகாசத்தில் பாகுபாடு கூடாது. இக்கட்டு மதம் பார்த்து வருவதில்லை.

நான்காவது, புழல் காவாங்கரையில் இலங்கைத் தமிழர் முகாம் உள்ளது. சரிவைச் சந்தித்த நாட்டில் உறவுகளைக் கொண்டோர் நமக்கு இவ்வளவு அருகில் வாழ்கின்றனர். ஸதகாவில் அவர்களையும் நினைவில் கொள்வோம்.

ஒரு நாட்டின் கருவூலம் காலியாவதைச் சாத்தாங்காட்டில் இருந்துகொண்டு நம்மால் தடுக்க இயலாது. நமக்கு வர வேண்டிய பணத்துக்காக எவர் வீட்டுக் கதவை எப்படித் தட்டுகிறோம் என்பது மட்டும் நம் கையில் இருக்கிறது. மறுமையில் நம் கணக்கைப் பார்ப்பவனிடம் நாமும் அவகாசம் கேட்டு நிற்கப் போகிறவர்களே. இக்கட்டில் இருப்போரை நெருக்காத உள்ளத்தையும், பட்ட கடனைத் தீர்க்கும் ஆற்றலையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.