பொட்டலத்திலே வந்த கிழங்கு

சென்ற திங்கள் சங்க ஆய்வின் பொருட்டு வெள்ளிமலைக்குப் பயணமானோம். பேருந்து புறப்படச் சற்று நேரம் இருந்தமையால், கள்ளக்குறிச்சிக் கடைவீதியில் புதிதாகத் திறந்திருந்த பெரிய கடையொன்றில் நுழைந்தோம். அங்கே பளபளக்கும் உறைகளுக்கிடையே சர்க்கரைவள்ளிக் கிழங்கு வறுவல் என்ற பெயர் தாங்கிய பொட்டலம் ஒன்றைக் கண்டோம். உருளைக்கிழங்கு வறுவலினும் இஃது உடலுக்கு நன்று எனப் படித்தவர் பலர் கூறக் கேட்டிருந்தோம். எனவே 40 ரூபாய் ஈந்து ஒன்றை வாங்கினோம்.

சுவையைப் பற்றி உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: நன்றாகவே இருந்தது. மொறுமொறுப்பும், கிழங்கின் இயல்பான இனிப்பும், மேலே தூவிய உப்பும் மிளகாய்ப் பொடியும் ஒன்றுகூடிக் கையை மீண்டும் மீண்டும் உள்ளே இழுத்தன. கச்சிராயபாளையம் வருமுன்பே பொட்டலம் தீர்ந்தது. பிறகுதான் காலி உறையைத் திருப்பிப் படித்தோம். எதனையும் பின்பக்கம் திருப்பிப் பாராமல் விடுவது எம் தொழிலுக்கு வழக்கமன்று. இம்முறை நாக்கு முந்திக்கொண்டது.

நிகர எடை 60 கிராம். அப்படியாயின் கிலோ ஒன்றுக்கு ஏறத்தாழ 667 ரூபாய்! உறையில் சேர்மானங்களை எடை மிகுந்ததிலிருந்து குறைந்தது வரை வரிசையாக அச்சிடவேண்டும் என்பது விதி. அவ்வரிசையில் கிழங்குக்கு அடுத்த இடம் எண்ணெய்க்கு.

அன்று மாலை வெள்ளிமலையருகே உறுப்பினர் ஒருவர் இல்லத்தில் அமர்ந்திருந்தோம். அவ்வீட்டு அம்மையார் வேகவைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கை ஆவி பறக்கத் தட்டில் கொணர்ந்து வைத்து, “சாப்பிடுங்க சார், வேற ஒண்ணும் இல்ல” என்று குறைபட்டுக்கொண்டார். அவர் மகனோ, எம் பையிலிருந்து எட்டிப்பார்த்த அந்தக் காலி உறையையே நோக்கிக்கொண்டிருந்தான். தட்டிலிருந்ததை அவன் தொடவில்லை. இக்கட்டுரையை எழுதத் தூண்டியது அப்பார்வையே.

தட்டிலிருந்ததற்கும் பொட்டலத்திலிருந்ததற்கும் உள்ள வேற்றுமை சிறிதன்று. வேகவைத்த கிழங்கு 100 கிராமில் 100 கலோரிக்கும் குறைவு; வறுவலில் ஏறத்தாழ 500. நீர் வெளியேறி, அவ்விடத்தில் எண்ணெய் புகுவதன் விளைவு இது. உறையின்மேல் செம்மஞ்சள் நிறக் கிழங்கின் படம் போட்டிருந்தார்கள். செம்மஞ்சள் சதையுள்ள இரகங்களில் வைட்டமின் ‘ஏ’ ஆக மாறும் கரோட்டின் மிகுதி என்பது மெய்யே. அவ்விரகங்களை ஆப்பிரிக்க நாடுகளில் பரப்பியமைக்காகவே மரியா அந்திராடே, ராபர்ட் முவாங்கா, ஜான் லோ ஆகியோர் 2016-இல் உலக உணவுப் பரிசில் பங்கு பெற்றனர். ஆனால் வெள்ளைச் சதைக் கிழங்கில் அச்சத்து மிகச் சொற்பம். நாம் தின்ற துண்டுகள் வெளிறியே இருந்தன. படம் ஒன்று, பண்டம் வேறு!

நிற்க. உடல்நலம் ஒருபுறம் இருக்க, எம்மை மிகுதியும் வருத்தியது வேறொரு கணக்கு. ஒரு கிலோ வறுவலுக்குத் தோலும் நீரும் போக இரண்டரை முதல் மூன்று கிலோ வரை கிழங்கு வேண்டும். அந்த மூன்று கிலோவுக்கு விளைத்தவர் கையில் என்ன வந்திருக்கும் என்பதை உறுப்பினர்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். கல்வராயன் மலையில் மரவள்ளி பயிரிடுவோர் இதனை நன்கறிவர். கிழங்கு பிடுங்கிய இரண்டு மூன்று நாட்களில் கெடத் தொடங்கும். ஆகவே ஆலையில் மாவுச்சத்தைப் ‘பாயிண்ட்’ கணக்கில் அளந்து சொல்லும் விலைக்கு இசைவதன்றி வேறு வழி அரிது. சேலத்தில் 1981-இல் ஜவ்வரிசி, மாவு ஆலையினர் கூடிச் ‘சேகோசர்வ்’ என்னும் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தனர். அது நற்செயலே. எனினும் அதன் உறுப்பினர் ஆலையினர். கிழங்கு விளைப்போர் அல்லர்.

நெசவாள அன்பர்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. நூலும் விற்பனையும் முதலாளியிடம் இருந்து, கூலி மட்டுமே தறிக்காரருக்கு வந்த காலத்தை அவர்தம் முன்னோர் கண்டவர்கள். 1935-இல் கோ-ஆப்டெக்ஸ் தோன்றியது, துணியை நெய்தவரே விற்கவும் வேண்டும் என்ற எண்ணத்தால் அன்றோ?

ஆதலின் மலைச் சங்கமொன்று வறுவல் தொழிலைச் சிறு அளவில் முயன்று பார்க்கலாம் என்பது எமது கருத்து. வீட்டில் கிழங்கை வேகவைத்தே உண்போம். நகரத்தார் வறுவலைத்தான் விரும்பி வாங்குவர் எனில், அதன் இலாபமாவது மலையிலேயே தங்கட்டும். செம்மஞ்சள் இரகம் வேண்டுவோர் திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்திலுள்ள மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ஸ்ரீ கனகா, பூ சோனா ஆகியவற்றின் கொடித்துண்டுகளைக் கேட்டறியலாம். கூன்வண்டு இப்பயிருக்குப் பெரும் பகை. துளை விழுந்த கிழங்கு கசக்கும், அதனை ஒதுக்கியே தீரவேண்டும். மரவள்ளியிலும் கசப்பு இரகம் வறுவலுக்கு ஆகாது. சர்க்கரை மிகுந்த கிழங்கு கடுந்தீயில் விரைந்து கருகும். அவ்வாறு கருகுகையில் அக்ரிலமைடு என்னும் தீய பொருள் மிகுதியும் உண்டாகிறது. சீவிய துண்டுகளை வெந்நீரில் சிறிது முக்கியெடுத்து, மிதமான சூட்டில், பொன்னிறத்தோடு நிறுத்துவது நன்று.

ஓர் அச்சமும் உண்டு. அதனை மறைப்பது நேர்மையாகாது. முதலில் கொட்டகை, அடுத்து இயந்திரம், இறுதியிலே சரக்கு என்று கடன் வாங்கித் தொடங்கிய சங்கம் ஒன்றின் ஏடுகளை நாமே ஆய்ந்திருக்கிறோம். அவ்வியந்திரம் உறை பிரியாமலே துருவேறிக் கிடந்தது. எனவே இயந்திரம் இப்போது வேண்டா. ஒரு வாணலி, ஒரு தராசு, 50 கிலோ கிழங்கு, உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு — தொடக்கத்திற்கு இவை போதும். முதற் சரக்கை நெசவாளர் சங்க விற்பனை நிலையத்தில் வைக்க அன்பர்கள் இடந்தருவார்களாக. கிழங்கு எவரிடம், என்ன விலைக்கு வாங்கப்பட்டது, எத்தனை கிலோ வறுவல் கிடைத்தது, எண்ணெய் எத்தனை முறை மாற்றப்பட்டது என்பனவற்றையெல்லாம் தனிப் பேரேட்டில் அன்றன்றே எழுதிவைத்தல் வேண்டும். அடுத்த ஆய்வின்போது நாம் முதலிற் கேட்கப்போவது அந்தப் பேரேட்டையே.