மூடுகல் ஜல்லியாகிவிட்டது

ஆசிரியர் அவர்களுக்கு,

நொய்யல் கரையின் பழைய ஊரான கொடுமணல் பற்றி உங்கள் இதழில் வருவதையெல்லாம் விடாமல் படிக்கிறவன் நான். போன ஞாயிற்றுக்கிழமை பேத்தியைக் கூட்டிக்கொண்டு நொய்யல் கரையில் ஒரு சிற்றூருக்குக் கற்பதுக்கை (பழங்காலக் கல்லறை) பார்க்கப் போனேன். (ஊர்ப் பெயரை எழுதவில்லை. எழுதினால் புதையல் தேடி நாலு பேர் கடப்பாரையோடு கிளம்பிவிடுவார்கள்.) சிறுவயதில் ஆடு மேய்ப்பவர்கள் 'பாண்டியன் குழி' என்று எனக்குக் காட்டிய இடம் அது. நாலு பக்கமும் பலகைக்கல், ஒன்றில் கை நுழையும் துளை, மேலே பெரிய மூடுகல்.

இப்போது மூடுகல்லைக் காணோம். உடைத்துப் புதுச் சாலைக்கு ஜல்லியாக ஏற்றிப் போய்விட்டார்களாம். குழி நிறையப் பிராந்திப் பாட்டில். "இது குப்பைத் தொட்டிங்களா அப்புச்சி?" என்று கேட்டாள் பேத்தி. நான் என்ன சொல்ல?

மறுநாள் உரிய அலுவலகத்தில் போய்ச் சொன்னேன். "சர்வே நம்பர் இருக்குதுங்களா?" என்றார் ஒருவர். "பொணக்குழிக்கு இத்தன வேகமாங்க?" என்று சிரித்தார் இன்னொருவர்.

நான் விசைத்தறிக்காரன். 1985 தொடங்கிக் கொடுமணலில் தோண்டியபோது சூதுபவள மணிகளும் தமிழி எழுத்துப் பானையோடுகளும் மட்டுமா கிடைத்தன? நூல் நூற்கும் தக்களியும் கிடைத்தது. இதே ஆற்றங்கரையில் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நூல் நூற்றிருக்கிறார்கள். சோமனூரில் தறி ஓட்டுகிறவனுக்கு அந்தக் குழி பாட்டன் வீட்டு வாசல். அதைப் பார்த்துச் சிரித்தால் வலிக்காதா?

பட்டா நிலத்தில் கை வைக்க முடியாது என்றும் அந்த அலுவலகத்தில் சொன்னார்கள். அதே நிலத்தில் தங்கக் காசு கிடைத்துப் பாருங்கள், ஜீப் பறந்து வரும்! மண்ணுக்குள் பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானப் பொருள் கிடைத்தாலே கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம். பாட்டன் கல்லறை அந்தப் பத்து ரூபாய்க்கும் பெறாது போலிருக்கிறது.

குழிக்குக் குழி காவல் போட ஆளில்லையாம். காவலை யார் கேட்டது? மிச்சமிருப்பதை எண்ணிக் கணக்கில் ஏற்றி, 'உடைக்காதே' என்று ஒரு தகரப் பலகை நட்டால் போதும். அடிக்கல்லில் பெயர் வெட்டச் செலவழிப்பதில் பாதிகூட ஆகாது.

தமிழர் தொன்மை பற்றி முழங்கக் கொங்கு நாட்டுக்கு வரும் பெரிய மனிதர்கள் அந்தப் புதுச் சாலையில் கொஞ்சம் மெதுவாகப் போகட்டும். தொன்மை அவர்கள் கார்ச் சக்கரத்துக்கு அடியில்தான் கிடக்கிறது.

இப்படிக்கு,
விசைத்தறியாளர் ஒருவர்,
சோமனூர்.