இடுப்பில் ஒரு அரைக் கிலோ

"எந்த ரிவால்வர் வாங்கலாம் அண்ணே? சட்டைக்குள்ள வச்சா வெளிய தெரியக் கூடாது. சின்னதா இருக்கணும்."

போன மாதம் இங்கே கான்பூரில் நம்ம ஆட்கள் நாலைந்து குடும்பம் ஒரு வீட்டில் கூடிச் சாப்பிட்டோம். இலை எடுத்ததும் தம்பி ஒருத்தர் என்னை பால்கனிப் பக்கம் ஒதுக்கிக் கொண்டுபோய்க் கேட்ட கேள்வி இது. தென்காசிப் பக்கத்துக்காரர். பம்ப் செட் உதிரி பாகங்கள் வியாபாரம். வாரத்தில் இரண்டு நாள் சுற்று வட்டாரத்துக்கு வசூலுக்குப் போய், இருட்டிய பிறகு பையில் பணத்தோடு பைக்கில் திரும்புகிறவர். ஜனவரிப் பனியில் ஒரு நாள் இரண்டு பேர் வழி மறித்து, கட்டாவை (நாட்டுத் துப்பாக்கிக்கு இந்த ஊர்ப் பெயர்) நெஞ்சில் வைத்துப் பையைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். அன்றிலிருந்து ஆளுக்குத் தூக்கமில்லை.

என்னிடம் கேட்கக் காரணம் உண்டு. சில வருஷம் முன்னாடி நானும் உரிமத்துக்கு விண்ணப்பம் வாங்கி, பூர்த்தி செய்து, மெஸ்டன் ரோடு ஆயுதக் கடைகளில் ஏறி இறங்கியவன். அது அவருக்குத் தெரியும். கடைசியில் நான் ஏன் வாங்கவில்லை என்பது தெரியாது. அன்றைக்கு பால்கனியில் பாதிதான் சொல்ல முடிந்தது, பாயசம் வந்துவிட்டது. மீதியை இங்கே எழுதுகிறேன். வட நாட்டில் குடியிருக்கும் நம்மில் வேறு யாருக்காவதும் இந்த யோசனை இருந்தால் உதவட்டும்.

ஊரில் இருக்கிறவர்களுக்கு இந்தப் பேச்சே விநோதமாக இருக்கும். 2016 கடைசியில் மத்திய உள்துறை அமைச்சகக் கணக்குப்படி, உத்தரப் பிரதேசத்தில் துப்பாக்கி உரிமங்கள் சுமார் 12.77 லட்சம். தமிழ்நாட்டில் 22 ஆயிரத்துச் சொச்சம். அதாவது, நாம் வளர்ந்த இடத்தில் துப்பாக்கி என்றால் பேங்க் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கும் செக்யூரிட்டி தாத்தா. இங்கே கல்யாண வீட்டில் மாமனார் தோளில் தொங்குவது. பத்து வருஷம் இந்தக் காற்றைச் சுவாசித்தால், "நம்மகிட்டயும் ஒண்ணு இருந்தா என்ன?" என்று தோன்றத்தான் செய்யும். எனக்குத் தோன்றியது.

சரி, எதை வாங்கலாம்? முதலில் சினிமாவில் பார்த்ததை மறந்துவிடுங்கள். 9 எம்.எம். பாரபெல்லம் போன்றவை நம் சட்டத்தில் தடை செய்யப்பட்ட ரகம், சாதாரண ஜனங்களுக்குக் கிடையாது. நமக்கு மிஞ்சுவது பெரும்பாலும் .32, அப்புறம் .22. கான்பூர் ஸ்மால் ஆர்ம்ஸ் ஃபாக்டரியின் பழைய .32 ரிவால்வர் பிரிட்டிஷ் வெப்லி வடிவத்தில் வந்தது. நடுவில் மடித்துத் திறந்து குண்டு போட வேண்டும், ஆறு குண்டு. 2014-ல் இதே ஊர் ஃபீல்ட் கன் ஃபாக்டரி 'நிர்பீக்' என்று ஒன்றைப் பெண்களுக்காக என்று சொல்லிக் கொண்டுவந்தது. எடை சுமார் அரைக் கிலோ, விலை அப்போதே 1.22 லட்சம். டில்லியில் 2012-ல் நடந்த கொடுமையை நினைவுபடுத்தும் பெயர் என்பதால், "பாதுகாப்பு தருவது அரசின் வேலை, பெண் கையில் துப்பாக்கி கொடுப்பதா பதில்?" என்று அன்றைக்கே கேட்டவர்கள் உண்டு. இஷாப்பூர் தொழிற்சாலையின் 'நிடர்', .22 ரகம், இன்னும் லேசு, கால் கிலோ அளவுதான். 2023-ல் 'பிரபல்' வந்தது. சுமார் 675 கிராம், மடிக்க வேண்டாம், சிலிண்டர் பக்கவாட்டில் வெளியே வரும்.

இந்த எடைகளைப் பார்த்ததும் நம் கை தானாக லேசானதைத்தான் தேடும். நானும் தேடினேன். அங்கேதான் முதல் சிக்கல்.

மறைத்து வைக்க எது வசதியோ, அது சுடுவதற்கு வசதி இல்லை. குழல் குட்டையானால் முன் குறிக்கும் பின் குறிக்கும் இடைவெளி குறையும். கையில் நூலளவு ஆட்டம், இலக்கில் சாண் அளவு விலகல். எடை குறைந்தால் அதே குண்டுக்கு உதை அதிகம். பிடி சின்னதானால் சுண்டு விரலுக்கு இடமில்லை, கை நழுவும். ரிவால்வரில் சுத்தியலைப் பின்னுக்கு இழுக்காமல் நேராக விசையை அழுத்தினால் விசை கனமாக இருக்கும். அந்த அழுத்தத்திலேயே லேசான துப்பாக்கி பக்கவாட்டில் திரும்பிவிடும். பழகியவர்களுக்கே குட்டைத் துப்பாக்கி சிரமம். வருஷத்துக்கு ஒரு தரம் கிளப்பில் போய் நாலு குண்டு சுடுகிற நம்மைப் போன்றவர்களுக்கு? ஆக, கடையில் "சின்னதா காட்டுங்க" என்று கேட்கும்போது நாம் கேட்பது, தேவைப்படும் நேரத்தில் குறி தவற அதிக வாய்ப்புள்ள ஒன்றை.

இரண்டாவது சிக்கல் நேரம். 1983-ல் அமெரிக்காவில் சால்ட் லேக் சிட்டி போலீசைச் சேர்ந்த டென்னிஸ் டுயெல்லர் என்பவர் ஒரு கணக்குப் போட்டார். கத்தியோடு ஓடி வருகிறவன் 21 அடியைக் கடக்க எவ்வளவு நேரம்? ஏறக்குறைய ஒன்றரை வினாடி. பயிற்சி உள்ள போலீஸ்காரர் இடுப்பு உறையிலிருந்து எடுத்துச் சுடவும் கிட்டத்தட்ட அவ்வளவே ஆகும். அது வெளியில் தெரியும் உறை. நம்முடையது ஸ்வெட்டருக்கும் ஜாக்கெட்டுக்கும் அடியில். கையில் கிளவுஸ். ஓட்டுவது பைக்.

தம்பியிடம் இதைத்தான் கேட்டேன். "அன்னைக்கு அவன் கட்டாவை நெஞ்சுல வச்சப்போ, உங்க இடுப்புல ஒண்ணு இருந்திருந்தா என்ன செஞ்சிருப்பீங்க?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "எடுக்கப் போயிருப்பேன் அண்ணே" என்றார்.

அவ்வளவுதான் விஷயம். எடுக்கப் போயிருப்பார். பையோடு போயிருக்க வேண்டியது அவரோடு போயிருக்கும். இரண்டாவது துப்பாக்கி ஒன்றையும் அவர்களுக்கு இனாமாகக் கொடுத்திருப்போம்.

மூன்றாவது, சட்டம். தற்காப்பு உரிமை நமக்கு உண்டு. முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தில் 96 முதல் 106 வரை, 2024 ஜூலை 1-லிருந்து பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரை. ஆனால் தேவைக்கு மேல் ஒரு துளி அதிகமாகவும் தீங்கு செய்யக் கூடாது என்பது அதிலேயே எழுதியிருக்கிறது. தற்காப்புக்காகத்தான் சுட்டேன் என்று காட்டவேண்டிய பொறுப்பு சுட்டவர் மேல்தான் விழும். பையோடு ஓடுகிறவன் முதுகில் குண்டு பட்டிருந்தால் என்ன விளக்கம் சொல்வது? உள்ளூர்க்காரனுக்கு மாமா வக்கீல், சித்தப்பா பிரதான். நமக்கு? ஹிந்தியில் வாக்குமூலம் எழுதினால் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பார்க்கவே இன்னொருத்தர் வேண்டும்.

இதெல்லாம்கூட என்னை நிறுத்தவில்லை என்பதுதான் உண்மை. இவ்வளவும் தெரிந்த பிறகும் விண்ணப்பம் மேஜை மேல்தான் இருந்தது. பயம் அப்படிப்பட்டது, கணக்குக்கு அடங்காது. நிறுத்தியது வீட்டுக்காரி கேட்ட இரண்டு கேள்விகள்.

"ஏங்க, நீங்க ஆபீஸ் போறப்போ எடுத்துட்டுப் போவீங்க. வந்து குளிக்கிறப்போ? தூங்குறப்போ? அது எங்க இருக்கும்?"

பூட்டி வைப்போம் என்றேன்.

"பூட்டி வச்சா ராத்திரி திருடன் வந்தா எப்படி எடுப்பீங்க? பூட்டாம வச்சா புள்ளைங்க கைக்கு எட்டாதா?"

பதில் இல்லை. யாரிடமும் இல்லை. 2014 டிசம்பரில் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் ஒரு கடையில், துப்பாக்கி மறைத்து வைப்பதற்கென்றே செய்த கைப்பையில் இருந்ததை இரண்டு வயதுக் குழந்தை எடுத்துவிட, அம்மா அந்த இடத்திலேயே இறந்துபோனார். அவர் விவரம் தெரியாதவர் இல்லை, ஒரு விஞ்ஞானி, உரிமம் உள்ளவர். இங்கே 2024 அக்டோபர் 1 அதிகாலை, நடிகர் கோவிந்தா மும்பை வீட்டில் ஊருக்குக் கிளம்பும் அவசரத்தில், தன் உரிமம் பெற்ற ரிவால்வர் வெடித்துக் காலில் குண்டு பாய்ந்து ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். எதிரி யாரும் வரவில்லை. இரண்டு இடத்திலும் ஒரு சாதாரண நாள், அவ்வளவுதான்.

இரண்டாவது கேள்வி இன்னும் எளிது. "மே மாசம் ஊருக்குப் போறோமே, அப்போ?"

நம்ம வாழ்க்கையே இந்தக் கேள்வியில் இருக்கிறது. உள்ளூர்க்காரனுக்குப் பெரிய வீடு, அண்ணன் தம்பி, எப்போதும் ஆள் இருக்கும். நாம் வருஷத்தில் ஒரு மாதம் ஃப்ளாட்டைப் பூட்டிவிட்டு ரயிலேறுகிறவர்கள். உரிமம் உ.பி.க்கு மட்டும் என்றால் ஊருக்கு எடுத்துப் போகவே கூடாது. பூட்டிய வீட்டில் விட்டால் திருட்டுப் போகும், போனால் போலீசில் பதில் சொல்ல வேண்டியது நாம். உரிமம் உள்ள கடையிலோ ஸ்டேஷனிலோ ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். தேர்தல் வந்தால் பெரும்பாலும் கொண்டுபோய்க் கட்டச் சொல்வார்கள். ரிட்டையர் ஆகி ஊர் திரும்பினால் மறுபடி ஒரு சுற்று. வேரே இல்லாத ஊரில் இவ்வளவு கனமான ஒன்றை எங்கே ஊன்றுவது?

விண்ணப்பத்தைக் கிழிக்கவில்லை. மின்சார பில் ஃபைலில் இன்னும் இருக்கிறது. கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

யாருமே வாங்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. பெயர் சொல்லி மிரட்டல் வந்தவர், சாட்சி சொன்னவர், நகை வியாபாரம் செய்கிறவர், இவர்களுக்கு அவசியம் இருக்கலாம். அவர்களுக்கு நான் சொல்வது இது. இருப்பதிலேயே சின்னதை எடுக்காதீர்கள். உங்கள் கைக்கு முழுதாக அடங்குகிற, கொஞ்சம் கனமானதை எடுங்கள். விசையை மூடும் நல்ல உறை வாங்குங்கள், வெறும் பாக்கெட்டும் கைப்பையும் வேண்டாம். துப்பாக்கிக்கு முன்னால் இரும்புப் பெட்டகம் வாங்குங்கள். 2016 ஆயுத விதிகள் கேட்கும் பயிற்சிச் சான்றிதழை சடங்காக நினைக்காதீர்கள். அதற்குப் பிறகும் ரைபிள் கிளப்புக்குத் தவறாமல் போங்கள். அப்படிப் போக நேரமில்லை என்றால், துப்பாக்கி வைத்துக்கொள்ளவும் நேரமில்லை என்று அர்த்தம். கல்யாண ஊர்வலத்தில் வானத்தைப் பார்த்துச் சுடும் ஆசை இருந்தால், 2019 திருத்தப்படி அதற்கு இரண்டு வருஷம் வரை சிறையோ ஒரு லட்சம் வரை அபராதமோ இரண்டுமோ உண்டு.

தம்பிக்கு நான் சொன்னது வேறு. பணத்தைக் கையில் வாங்குவதை முடிந்தவரை நிறுத்துங்கள். பாதிப் பேராவது போன் மூலம் அனுப்புவார்கள், கேட்டுப் பாருங்கள். மீதியை அந்தந்த ஊர் பேங்கிலேயே கட்டிவிடுங்கள். கிழமையையும் வழியையும் மாற்றுங்கள். இருட்டுவதற்குள் திரும்புங்கள். மறுபடி எவனாவது நெஞ்சில் வைத்தால், பையைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வாருங்கள். பணம் போனால் நாலு மாதத்தில் சம்பாதிக்கலாம்.

"அப்படியே விட்டுட்டுப் போகச் சொல்றீங்களா அண்ணே?" என்றார். குரலில் கோபம். அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. அவமானப்பட்டவனுக்குத் தேவைப்படுவது பாதுகாப்பு மட்டும் இல்லை, நிமிர்ந்து நடக்க ஏதோ ஒன்று. அரைக் கிலோ இரும்பு அதைக் கொடுக்கும் என்று தோன்றும். நானும் அதற்காகத்தான் அலைந்தேன் என்று இப்போது தெரிகிறது.

"ஆமா தம்பி, விட்டுட்டு வாங்க" என்றேன். "வீட்ல ரெண்டு பேர் காத்துக்கிட்டு இருக்காங்க."

இன்னும் முடிவு சொல்லவில்லை. போன வாரம் பார்த்தபோது வெயிலோடு வீடு திரும்பிக்கொண்டிருந்தார். பையைக் காணோம். கேட்கவில்லை.

பி.கு.: உரிமம் வாங்கித் தருகிறேன், ஆள் இருக்கிறது, இவ்வளவு கொடு என்று யாராவது வந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள். போலீஸ் விசாரணை முடிந்து மாவட்ட ஆட்சியர் அலுவலகம் தருவதுதான் உரிமம். கட்டா வாங்கி வைத்துக்கொள்ளலாமா என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை, கும்பிடுதான்.