ஒற்றைச் சிகரெட்டு

2006ஆம் ஆண்டிற்கு முன் கல்முனையிலிருந்து அக்கரைப்பற்றுக்குப் பயணம் செய்த வாசகர்களுக்கு ஒரு காட்சி நினைவிருக்கும். தேநீர்க் கடையாயினும் சில்லறைக் கடையாயினும், பெயர்ப்பலகையில் கடையின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சிகரெட்டுப் பெட்டியின் படம் வீற்றிருக்கும். பலகையைச் செய்து கொடுப்பது கம்பனி, மாட்டிக்கொள்வது கடைக்காரர். இலவசமாய்க் கிடைக்கும் பலகையை வேண்டாமென்பவர் யார்?

சாராயத்திற்கு எமது ஊர்களில் இத்தகைய வரவேற்பு இருந்ததில்லை. மார்க்கம் அதை விலக்கியது. குடித்துவிட்டு வரும் மகனை வீடும் பொறுக்காது. சிகரெட்டோ அந்த வேலியைச் சுற்றிக்கொண்டு உள்ளே வந்துவிட்டது. பெரியவர்களைக் கண்டால் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டால் போதும் என்றிருந்தோம். வியாபாரிக்கு அந்தச் சிறு இடைவெளியே தாராளம்.

சிறுபான்மை மக்கள் வாழும் இடம் பார்த்து விளம்பரம் செய்வது அமெரிக்காவிலும் கண்ட வழக்கமே. 1990இல் கறுப்பின மக்களுக்கென்றே 'அப்டவுன்' என்னும் சிகரெட்டைப் பிலடெல்பியா நகரில் விற்க ஆர்.ஜே. ரெனால்ட்ஸ் கம்பனி முனைந்தது. ஊரார் எதிர்த்தனர், சுகாதாரத் துறைச் செயலாளர் லூயிஸ் சலிவன், தாமும் கறுப்பினத்தவர், வெளிப்படையாகக் கண்டித்தார். கம்பனி பின்வாங்கியது. அதே ஆண்டில் நியூயோர்க் ஹார்லெம் பகுதியில் போதகர் கால்வின் பட்ஸ், தம் சபையாரோடு சென்று சிகரெட்டு, மதுபான விளம்பரப் பலகைகளின் மேல் வெள்ளை பூசினார்.

எமக்கு வெள்ளை பூசும் வேலை நேரவில்லை. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கப் புகையிலை, மதுசாரம் மீதான தேசிய அதிகாரசபைச் சட்டம் இரண்டின் விளம்பரத்தையும் தடை செய்தது; 21 வயது நிரம்பாதவருக்கு விற்பதையும் குற்றமாக்கியது. 2015 முதல் பெட்டியின் முன்னும் பின்னும் நூற்றுக்கு 80 பங்கை எச்சரிக்கைப் படங்கள் மூடுகின்றன. பார்த்தால் சோறு இறங்காத படங்கள்!

ஆயினும் எமது பிள்ளைகள் பெட்டியாக வாங்குவதில்லையே! அவர்கள் வாங்குவது ஒற்றைச் சிகரெட்டு. அதில் படமும் இல்லை. கடை வாசலில் தொங்கும் கயிற்று நெருப்பில் பற்றவைத்துக்கொண்டு போய்விடலாம்.

அண்மையில் சாய்ந்தமருதில் ஒரு கடையில் நின்றிருந்தோம். 15 வயது மதிக்கத்தக்க பையன் ஒருவன் ஒன்று வாங்கிப் போனான். வயது கேட்பதில்லையா என்று கடைக்காரரை வினவினோம்.

"வாப்பாவுக்கு என்கிறானே, சேர், நான் என்ன செய்ய?" என்றார்.

அந்த வாப்பாவை நாம் அறிவோம். அவர் புகைப்பதில்லை.