நாற்பதின்மரும் எட்டு அணிகளும்

வல்லவரைப் பொறுக்கி எடுத்தல் எளிது; பொறுக்கி எடுத்தவரை இடமறிந்து நிறுத்துதலே அரிது. பாடசாலை விளையாட்டுக் குழு முதற் பெரும் அலுவலகம் ஈறாக எங்கும் காணப்படும் இவ்வுண்மையை, இளைஞர் கணினியில் ஆடும் ஆட்டமொன்று தெளிவாகக் காட்டுகின்றது. 'வெறும் ஆட்டந்தானே' என்று பெற்றோர் ஒதுக்கிவிடும் அதனுள்ளே சிந்தனைக்குரிய பொருள் யாதென இவ்வாரம் நோக்குவோம்.

'வேர்ல்ட் ஒஃப் வோர்கிராஃப்ட்' என்பது அவ்வாட்டத்தின் பெயர். அமெரிக்காவிலுள்ள பிளிஸார்ட் நிறுவனத்தார் 2004ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் இதனை வெளியிட்டனர். கற்பனை உலகம் ஒன்றிலே, வெவ்வேறு ஊர்களிலிருந்து இணையத்தின் வழியாகப் பலர் ஒரே வேளையில் உலாவுவர். அதன் பழைய வடிவிலே போர்வீரன், வேட்டுவன், மந்திரவாதி, குரு என்றின்னோரன்ன ஒன்பது வகைகளுள் ஒன்றை ஒவ்வொருவரும் தமக்கெனத் தெரிந்துகொள்வர். தனியொருவரால் வெல்லவியலாத பூதங்களை எதிர்க்க நாற்பதின்மர் வரை ஒன்றுகூடிப் படையெடுத்துச் செல்வர். 'மோல்ட்டன் கோர்' என்னும் தீக்குகையிலே ரக்னரோஸ் என்னும் தீயரசனை எதிர்ப்பது இவற்றுட் புகழ்பெற்றது.

படையினரின் தொழில் மூவகைப்படும். அடியைத் தாங்குவோர் சிலர்; பட்ட புண்ணை ஆற்றுவோர் சிலர்; பகைவனைத் தாக்குவோர் பலர். தாக்குவோர் மிகுந்தால் வெற்றி கிட்டும் என்று முதலில் நமக்குத் தோன்றலாம். ஆயின் அக்குகையிலே லுசிஃப்ரோன் இடும் சாபத்தை நீக்க மந்திரவாதியோ துரூயிட்டோ வேண்டும். மக்மதார் வெறிகொள்ளும்போது அதனைத் தணிக்க வேட்டுவனின் அம்பு வேண்டும். ஆதலால் ஒருவகையினரை வேண்டாமென்று தள்ளிவிடுதல் எளிதன்று.

இனி, இடமறிந்து நிறுத்தும் கலைக்கு வருவோம். ஆட்டத்தின் விதி நாற்பதின்மரை ஐவர் ஐவராக எட்டு அணிகளாகப் பிரிக்கின்றது. பல துணையாற்றல்கள் அவ்வணியின் ஐவருக்கு மட்டுமே பயன்படும். போர்வீரன் எழுப்பும் முழக்கம் அவனுக்கும் அவன் அணியின் நால்வருக்குமே ஊக்கந்தரும். சூனியக்காரனின் ஏவற்பேய் ஒன்று தன் அணியினரின் உடலுரத்தை உயர்த்தும். ஆகவே அவனை அடிதாங்குவோர் அணியிலே சேர்ப்பர்.

ஷாமன் என்பானின் நிலை இன்னும் சுவையானது. அவன் நாட்டும் 'காற்றுச் சீற்றக்' கம்பம், தன் அணியிலுள்ள வாள்வீரர்க்கு ஒவ்வோர் அடியின்போதும் நூற்றுக்கு 20 என்ற வாய்ப்பில் இன்னுமோர் அடியை அளிக்கும். குருமாரிடையே அவனை இருத்தினாலோ, வேறொரு கம்பத்தால் அவர்களின் வற்றிய மந்திர வலியை மீண்டும் ஊறச்செய்வான். வாளேந்தாத மந்திரவாதிகளின் நடுவே காற்றுச் சீற்றம் நாட்டப்படின் அது பாழே. மனிதன் ஒருவனே, அருகிருப்போருக்கு ஏற்ப அவன் பயன் வேறுபடுகின்றது.

ஆட்டக்காரர் பலர் ஒரு கணக்குக் கருவியையும் வைத்திருப்பர். பகைவனை யார் எவ்வளவு தாக்கினர் என்று அது வரிசைப்படுத்தும். வாள்வீரர் மேலே நிற்பர். ஷாமன் அடியிலே கிடப்பான். அவசரக்காரத் தலைவன் பட்டியலைப் பார்த்து, 'இவன் எதற்கு?' என்று அவனை நீக்கி இன்னொரு வாள்வீரனைச் சேர்ப்பான். மறுநாள் மேலே நின்ற நால்வரின் எண்களும் இறங்கிவிடும்! ஷாமனின் உழைப்பு அவர்களின் பெயரிலேயே எழுதப்பட்டு வந்தமை அப்பொழுதுதான் புலனாகும்.

அன்றியும், பழைய ஆட்டத்திலே பகைவன்மீது ஒரே நேரத்தில் 16 கேடுகளே நிலைத்து நிற்கும். ஒவ்வொருவரும் தத்தம் நஞ்சையும் சாபத்தையும் ஏற்ற முற்பட்டால், படை முழுவதற்கும் உதவும் கேடொன்று தள்ளுண்டு போகலாம். ஆகையால், தம்மிடமுள்ள ஆற்றலை வழங்காது அடக்கிக்கொள்ளும் கடமையும் சிலருக்கு உண்டு. அவர்தம் எண் குறையும். படையின் வலிமையோ கூடும்.

2007ஆம் ஆண்டில் வெளிவந்த புதிய பகுதியிலே பெரும்படையின் அளவு 25 பேராகக் குறைந்தது. 2008ஆம் ஆண்டின் இறுதியில் துணையாற்றல்களுட் பெரும்பாலானவை படை முழுவதற்கும் பொதுவாக்கப்பட்டன. தலைவரின் தலைவலி குறைந்தது. யாரை யாருக்கு அருகில் வைப்பது என்னும் சிந்தனையும் உடன் குறைந்தது. 2019ஆம் ஆண்டில் பழைய வடிவம் மீண்டும் வெளியிடப்பட்டபோது அப்புதிரும் உயிர்பெற்றது.

ஆசிரியத் தொழிலில் உள்ள நமக்கு அக்கணக்குக் கருவி புதியதன்று. தேர்ச்சி அறிக்கை என்ற பெயரில் ஆண்டுதோறும் அதனை நாமே எழுதுகின்றோம். தனக்கு 55 புள்ளி பெற்று, பக்கத்து வாங்கிலுள்ள மூவருக்குக் கணக்கு விளங்கவைத்த மாணவனுக்கு அதிலே நிரல் ஏதும் இல்லை. அவனை வேறு வகுப்புக்கு மாற்றினால் அம்மூவரின் புள்ளிகள் என்னாகும் என்று எவரும் கேட்பதுமில்லை. வீட்டிலும், எல்லோருடைய வேலையும் நடைபெறும்படி செய்துவிட்டுத் தன் பெயரில் ஒன்றும் காட்டவியலாத தாய்மார் எத்தனை பேர்!

அடுத்த தவணை அறிக்கை கைக்கு வரும்போது, பெற்றோர் பிள்ளையின் இடம் எத்தனையாவது என்று கேட்பதோடு அமையாது, 'உன் அருகிலிருப்பவர் யார்? உன்னால் அவர்க்கு என்ன பயன்?' என்றும் ஒருமுறை கேட்டுப் பார்ப்பார்களாக.