திருத்தக் கொடுத்த பொருளில் புதுச் சேதம்



பல்கலைக்கழகத்தில் பயிலும் மகளின் மடிக்கணினியை உத்தரவாதக் காலத்துக்குள் திருத்தக் கொடுத்த ஒரு தாய் எழுதிக் கேட்டிருக்கிறார். பழுதானது விசைப்பலகை. அது சரியாகி வந்தது. ஆனால் வீட்டில் திறந்து பார்த்தால் திரையைத் தாங்கும் பிணைச்சலின் ஓரத்தில் பிளாஸ்டிக் வெடித்திருக்கிறது. கடைக்குப் போனபோது, "வெளிச்சேதத்துக்கு உத்தரவாதம் இல்லை" என்று ஒரே வசனத்தில் அனுப்பிவிட்டார்களாம். "பொறுத்துக்கொள்வதா, கேட்பது எங்கள் ஹக்கா?" என்கிறார்.

கேட்பது ஹக்குத்தான். கடைக்காரர் சொன்னதோ வேறு கேள்விக்கான பதில். உத்தரவாதம் என்பது தயாரிப்பில் உள்ள குறைக்கு நிறுவனம் தரும் வாக்கு. விழுந்து உடைந்ததும் தண்ணீர் பட்டதும் பொதுவாக அதில் சேரா. இந்தத் தாய் கேட்பதோ, தங்கள் கையில் இருந்த நாட்களில் பொருளுக்கு நேர்ந்ததற்கு யார் பொறுப்பு என்பதை.

நமது ஷாஃபிஈ மத்ஹபின் வலுவான கருத்துப்படி, திருத்துபவரின் கையில் உள்ள பொருள் அமானிதம். அவரது கவனயீனமோ வரம்பு மீறலோ இருந்தால் ஈடு கொடுக்க வேண்டும், இல்லையென்றால் இல்லை. ஹனஃபி இமாம்களான அபூ யூசுஃப், முஹம்மத் ஆகியோர் இன்னும் இறுக்கமாக, தவிர்க்க முடியாத விபத்தைத் தவிர மற்றவற்றுக்கு ஈடு உண்டு என்றார்கள். சாயம் தோய்ப்பவரையும் பொற்கொல்லரையும் அலி (ரழி) அவர்கள் பொறுப்பாளியாக்கியதாக ஓர் அறிவிப்பும் உண்டு. மடிக்கணினி புதிது, வழக்கு பழையது.

நாட்டுச் சட்டமும் இதற்குத் தூரமல்ல. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி, சேவை வழங்கும் வியாபாரி உரிய கவனத்தோடும் திறமையோடும் அதைச் செய்ய வேண்டும். ஒப்பந்தத்தில் எழுதாவிட்டாலும் அந்தப் பொறுப்பு உண்டு.

சிக்கல் சான்றில்தான். பல மடிக்கணினிகளில் விசைப்பலகையை மாற்ற உள்ளே முழுவதையும் கழற்ற வேண்டும். பிணைச்சலின் திருகாணிகள் பிளாஸ்டிக்கில் பதித்த சின்னஞ்சிறு பித்தளைத் துண்டுகளில் இறங்குகின்றன. கூடுதலாக முறுக்கினாலோ, குட்டைத் துளையில் நீளத் திருகாணியைப் போட்டாலோ வெடிக்கும். அதேவேளை, திறந்து மூடித் திறந்து மூடி அந்த இடம் தானாக வெடிப்பதும் உண்டு. ஆகவே கடைக்காரர் பொய்தான் சொல்கிறார் என்று முடிவு கட்டிவிட முடியாது. வாதிடுபவரே ஆதாரம் கொண்டுவர வேண்டும் என்பது நமது ஷரீஅத்தின் விதி.

கொடுக்குமுன் நான்கு பக்கமும், திரையும், பிணைச்சலும் தெரியப் போட்டோ எடுங்கள். வேலைச் சீட்டில் "வெளியில் சேதமில்லை" என்று எழுதச் சொல்லி ஒரு பிரதி வாங்குங்கள். கொடுக்கல் வாங்கலை எழுதிவைக்கச் சொல்லும் வசனமே குர்ஆனில் மிக நீளமான வசனம் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். திரும்ப எடுக்கும்போது அங்கேயே திறந்து, மூடி, திருகாணிகளை எண்ணிப் பாருங்கள். பெண்பிள்ளைகள் இதற்கு வெட்கப்படுகிறார்கள்! தேங்காயைத் தட்டிப் பார்த்து வாங்குகிற நாம், இலட்சத்துக்கு மேல் பெறுமதியான பொருளைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிடுகிறோம். பார்த்து வாங்குவது சந்தேகப்படுவதல்ல. திருத்துபவருக்கும் அது பாதுகாப்பு.

கடிதம் எழுதிய சகோதரிக்கு: கொடுத்த திகதி, எடுத்த திகதி, வெடிப்பைக் கண்ட திகதி மூன்றையும் குறித்து, போட்டோவுடன் கடைக்கு எழுத்தில் கொடுங்கள். பதிலையும் எழுத்திலேயே கேளுங்கள். முன்பே இருந்த கீறல் ஏதும் இருந்தால் அதையும் சேர்த்து எழுதிவிடுங்கள். பழைய கீறலுக்கும் சேர்த்து ஈடு வாங்குவது நமக்கு ஹலாலாகாது. சரிவராவிட்டால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு, சேவை பெற்று மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிட வேண்டும். 1977 என்ற இலக்கத்தில் விசாரிக்கலாம். அதுவரை வேறு கடையில் மட்டும் திறக்கக் கொடுக்காதீர்கள். இரண்டாவது கை பட்டால், யார் உடைத்தது என்று பிறகு எவராலும் சொல்ல இயலாது.